பீட் அறுவடைக்கு வரும் சக்கர வீடுகள்

செப்டம்பர் முடிந்து அக்டோபர் பிறக்கும் அந்த நள்ளிரவில், அமெரிக்காவின் வட எல்லையை ஒட்டிய ரெட் ரிவர் பள்ளத்தாக்கில் அதிகம் பேர் தூங்குவதில்லை. மானம் வழிவிட்டால், பன்னிரண்டு அடித்த மறுநிமிஷம் சர்க்கரை பீட் அறுவடை தொடங்கிவிடும். வயலில் அறுவடை இயந்திரங்களின் விளக்கு, ரோட்டில் லாரிகளின் விளக்கு, தூரத்தில் ஆலையின் வெள்ளைப் புகை. விடிகிறவரை ஓய்வே கிடையாது. விடிந்தாலும் கிடையாது.

பள்ளத்தாக்கு என்றதும் இரண்டு பக்கமும் மலை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பனியுகத்தின் முடிவில் இங்கே அகாசிஸ் என்ற பெரும் ஏரி தேங்கிக் கிடந்தது. அது வற்றிய படுகைதான் இன்றைய விளைநிலம். கரிசல் போலக் கறுத்த களிமண், கண்ணுக்கு எட்டிய மட்டும் பலகை போட்டதுபோல் சமதளம். நடுவில் ஓடும் ஆறு வடக்கு நோக்கிப் பாய்ந்து கனடாவின் வின்னிபெக் ஏரியில் கலக்கிறது. மேற்குக் கரை வடக்கு டகோட்டா மாநிலம், கிழக்குக் கரை மின்னசோட்டா.

சர்க்கரை பீட் என்பது நாம் பொரியல் செய்கிற சிவப்புக் கிழங்கு அல்ல. வெளுப்பாக, கூம்பு வடிவத்தில், ஒரு கிலோ அளவுக்கு வளரும். அமெரிக்காவில் தயாராகும் சர்க்கரையில் பாதிக்கு மேல் இந்தக் கிழங்கிலிருந்துதான் வருகிறது.  1973-ல் இந்தப் பள்ளத்தாக்கின் பீட் விவசாயிகளே ஒன்றுகூடி, தங்கள் கிழங்கை வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்கன் கிரிஸ்டல் சுகர் கம்பெனியை விலைக்கு வாங்கிக் கூட்டுறவாக மாற்றினார்கள். பங்கு வைத்திருப்பவர்தான் பீட் போட முடியும். எத்தனை பங்கோ அதற்கேற்ற ஏக்கர். ஆலைக்கு வெளியே வரிசையில் காத்து நின்று பழகிய கரும்பு விவசாயிகள் இந்தச் செய்தியை நின்று ஒருமுறை படிக்கலாம்.

அவசரத்துக்குக் காரணம் குளிர். பிடுங்கிய கிழங்கை ஆலை உடனே அரைத்து முடிக்க முடியாது. மாதக்கணக்கில் திறந்தவெளியில் மலைபோல் குவித்து வைத்து, வசந்தகாலம் வரை அரைக்கிறார்கள். கிழங்கு சூடாகக் குவிக்கப்பட்டால் குவியல் உள்ளுக்குள் அழுகும். அதனால் வெயில் ஏறினால் அறுவடையை நிறுத்துவார்கள். நிலத்திலேயே உறைந்துபோனாலும் கிழங்கு கெடும். அதனால் கடும் உறைபனி விழுந்தாலும் நிறுத்துவார்கள். இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற இரண்டு மூன்று வாரத்தில் முடித்தாக வேண்டும். 2019-ல் மழையும் உறைபனியும் சேர்ந்து வந்ததில் பெரும் பரப்பு அறுவடை ஆகாமல் நிலத்திலேயே கிடந்தது.

இந்த இரண்டு மூன்று வாரத்துக்கு உள்ளூர் ஆள் போதாது. இங்கேதான் சக்கர வீடுகள் வருகின்றன.

மோட்டார் ஹோம் என்பது பஸ்ஸைப் போன்ற வண்டிக்குள் கட்டிய வீடு. கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, குளியலறை, தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, கேஸ் எல்லாம் உள்ளே. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும், சொந்த வீட்டை விற்றுவிட்டவர்களும், வாடகை கட்டுப்படியாகாதவர்களும் இதில் வருஷம் பூராவும் வாழ்கிறார்கள். கோடையில் ஒரு மாநிலத்தில் பூங்காக் காவல், இலையுதிர் காலத்தில் பீட் அறுவடை, குளிர்காலத்தில் தெற்கே பாலைவனம் என்று வேலையும் பருவமும் பார்த்து ஊர் ஊராகப் போகிறவர்கள் இவர்கள். பீட் குவியல் மேட்டில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். லாரிகளுக்கு வழிகாட்டுவது, சர்க்கரைச் சத்து சோதனைக்கு மாதிரிக் கிழங்கு எடுப்பது, சிந்திய கிழங்கையும் சேற்றையும் வாருவது. வண்டி நிறுத்த இடமும் மின்சாரமும் வேலை கொடுப்பவர் பொறுப்பு.

அக்டோபர் தொடக்கத்தில் வந்தபோது பகலில் இருபது டிகிரி வெயில் இருந்திருக்கும். வேலை முடிந்து கணக்குத் தீர்க்கிற நாளில் காலை வெப்பம் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். தண்ணீர்க் குழாய் உறைவதற்குள் தெற்கே கிளம்பிவிட வேண்டும் என்ற பரபரப்பு முகாம் முழுக்கத் தெரியும். போகவேண்டியது இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். இந்தப் பரபரப்பில்தான் டயரை மறக்கிறார்கள்.

முப்பத்தைந்து அடி நீளமுள்ள ஒரு மோட்டார் ஹோம், சாமான்களோடு பத்து டன் எடை வரும். அதைத் தாங்குவது ஆறே டயர். முன்னால் இரண்டு, பின்னால் பக்கத்துக்கு ஒரு ஜோடி. காற்றின் அளவு வண்டியின் எடையைப் பொறுத்து எண்பது, தொண்ணூறு, நூறு பவுண்டு என்று போகும். டயர் கடையில் நாம் 'பாயிண்ட்' என்று சொல்கிற அதே அளவுதான். டிராக்டரின் பின் டயருக்குப் பன்னிரண்டு, பதினாறு என்று பிடித்துப் பழகியவர்களுக்கு இது பெரிய எண்ணாகத் தோன்றும். டிராக்டர் டயர் பெரியது, வயலில் மெதுவாகப் போவது. இது நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் மணிக்கணக்கில் ஓடுவது.

இருபது டிகிரி வெயிலில் 90 பவுண்டு இருந்த டயரில், ஒரு பொட்டுக் காற்றும் கசியாமலே, மைனஸ் ஐந்து டிகிரி காலையில் 81 பவுண்டுதான் இருக்கும். குளிரில் காற்று சுருங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த 81-க்கு மேல் பத்து டன்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் வழக்கத்தைவிட அதிகமாக மடங்கும். மடங்க மடங்கச் சூடு. சூடு ஏற ஏற உள்ளேயிருக்கும் கம்பி இழைகளுக்கும் ரப்பருக்கும் உள்ள பிடிப்பு விடும். கனரக டயர்களில் ஒரு கணக்கு உண்டு: இருக்கவேண்டிய காற்றில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்த நிலையில் ஓடிய டயரை, காற்றே இல்லாமல் ஓடிய டயராகத்தான் கருத வேண்டும். 90-க்கு அந்த எல்லை 72. குளிர் ஒன்பது பவுண்டை எடுத்துக்கொண்டுவிட்டது. வால்வில் இன்னொரு ஒன்பது பவுண்டு கசிந்தால் எல்லை வந்துவிட்டது.

கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே என்றால், முடியாது. லாரிக்காரர்கள் கட்டையால் தட்டிப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கு" என்பார்கள். ஜோடி டயரில் அந்தத் தட்டு வெளி டயரோடு நின்றுவிடுகிறது. உள் டயரில் காற்று இறங்கிப் போயிருந்தாலும், பக்கத்து டயர் முட்டுக் கொடுத்து வண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். பார்வைக்கு இரண்டும் ஒரே உயரம். ரோட்டில் இறங்கியதும் வெளி டயர் இரண்டு பேர் சுமையைச் சுமந்து சூடாகும், உள் டயர் மடங்கி மடங்கிச் சூடாகும். ஒன்று போனால் மற்றதும் போகும்.

பின் டயர் வெடித்தால் வண்டி கவிழ்ந்துவிடும் என்பது எப்போதும் உண்மையில்லை. ஆனால் பிய்ந்த ரப்பர்ப் பட்டை சாட்டையைப்போலச் சுழன்று அடித்து, மேலேயிருக்கும் தண்ணீர்க் குழாய், மின்கம்பி, தரைப் பலகை எல்லாவற்றையும் கிழித்துவிடும். லாரி என்றால் மட்கார்டு போகும். இது வீடு. படுக்கைக்குக் கீழேதான் டயர்.

உள் டயரை ஏன் பார்க்காமல் விடுகிறார்கள்? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. அதன் வால்வுக்குக் கை எட்டாது. வெளிச் சக்கரத்தின் ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவ வேண்டும். வெளி டயரின் வால்வோ சில வண்டிகளில் உள்நோக்கித் திரும்பியிருக்கும். இதற்கென்றே நீளக் கம்பியின் முனையில் முன்னும் பின்னுமாக இரண்டு வாய் வைத்த காற்று அளவி விற்கிறது. ஒரு வாயால் உள் வால்வைக் குத்தலாம், மறு வாயால் வெளி வால்வைக் கொக்கிபோல் இழுத்துப் பிடிக்கலாம். பீட் களத்தின் களிமண் அந்த ஓட்டைகளில் சிமென்ட் மாதிரி அப்பிக்கொண்டிருக்கும். முதலில் அதைச் சுரண்ட வேண்டும். மைனஸ் குளிரில், விறைத்த விரலால்.

இந்தத் தொல்லைக்குத்தான் சிலர் வால்வில் நீட்டுக்குழாய் மாட்டிவிடுகிறார்கள். கம்பி வலை போர்த்திய வளையும் குழாய், மறுமுனை வெளிச் சக்கரத்தின் விளிம்பில் கிளிப் போட்டு நிற்கும். உட்கார்ந்தபடியே காற்றுப் பார்க்கலாம். வசதிதான். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்கள் சற்று யோசிப்பார்கள்.

வால்வு என்கிற சாமான் அமெரிக்காவிலும் இங்கேயும் ஒன்றே. ஜெர்மனியிலிருந்து நியூயார்க்கில் குடியேறிய ஷ்ரேடர் குடும்பத்தின் தொழிற்கூடத்தில் 1890-களில் உருவானது. இன்று பைக், கார், லாரி, டிராக்டர் எல்லாவற்றிலும் இருப்பது அதன் வாரிசுதான். வால்டியூப் போட்ட பழைய சைக்கிள் வால்வு மட்டும் வேறு ஜாதி. ஷ்ரேடர் வால்வின் நடுவே சிறு வால்வு பின். ஸ்பிரிங் அதை வெளியே தள்ளி வாயை மூடி வைத்திருக்கும். அழுத்தினால் திறக்கும், விட்டால் மூடும். நீட்டுக்குழாயைத் திருகியதும் அது அந்தப் பின்னை அழுத்தித் திறந்தே வைத்துவிடுகிறது. அதன் பிறகு டயரின் காற்றைக் காப்பது டயரின் சொந்த வால்வு அல்ல, குழாயின் நுனியில் இருக்கும் வால்வு. நடுவில் குழாய் வெடித்தாலோ, மரை தளர்ந்தாலோ, கிளிப் உடைந்து சக்கரத்தின் சுழற்சியில் குழாய் ஆடி ஆடி அடிமுனை நசுங்கினாலோ, தடுக்க யாரும் இல்லை. காற்று பார்க்க எளிது என்று மாட்டிய சாமானே காற்றை வெளியேற்றும் வழியாகிறது. அனுபவப்பட்டவர்கள் அதைக் கழற்றிவிட்டு, சக்கரத்துக்கு அளவெடுத்து வளைத்த நீண்ட பித்தளை வால்வையே டயர் மாற்றும்போது போட்டுக்கொள்கிறார்கள். ஒருதரம் செலவு.

ரப்பர் வால்வில் இன்னொரு சங்கதி. கார்களில் இழுத்துச் செருகும் சாதாரண ரப்பர் வால்வு 65 பவுண்டு வரைக்கும்தான். அதற்கு மேல் காற்றுப் பிடிக்கிற வண்டியில் உலோக வால்வோ, உயர் அழுத்தத்துக்கென்றே செய்த வால்வோதான் போட வேண்டும். விலை வித்தியாசம் அற்பம். கடைக்காரர் கையில் கிடைத்ததைப் போட்டுவிட்டால், வாங்குபவருக்குத் தெரியாமலே போகும். ரப்பரை ஓசோன் காற்று வெடிக்கச் செய்யும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வால்வின் கழுத்தை விரலால் மெல்ல வளைத்துப் பார்த்தால் அடியில் முடி முடியாக வெடிப்பு தெரியும். அப்படித் தெரிந்தால் அந்த வால்வின் காலம் முடிந்தது. இப்போது மூடிக்குப் பதிலாகத் திருகிக்கொள்ளும் காற்று எச்சரிக்கைக் கருவிகள் வந்திருக்கின்றன. ஓட்டுநர் முன்னால் உள்ள திரையில் ஆறு டயரும் தெரியும். நல்ல சாமான். ஆனால் அதன் எடையை வால்வின் நுனியில் தொங்கவிடுவதால், ரப்பர் வால்வு இன்னும் சீக்கிரம் களைத்துவிடும். அமெரிக்கச் சட்டம் சிறு வண்டிகளுக்கு இந்த எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பெரிய மோட்டார் ஹோம்கள் அந்த எடை வரம்புக்கு மேலே இருப்பதால், சொந்தச் செலவில் வாங்கி மாட்ட வேண்டியதுதான்.

வால்வில் கசிவு உண்டா என்று பார்க்க அங்கே சோப்புத் தண்ணீர் தெளிக்கிறார்கள். இங்கே பஞ்சர் கடையில் விரலில் எச்சில் தொட்டு வைப்பதும் அதே பரிசோதனைதான். குமிழி வந்தால் முதலில் வால்வு பின்னை இறுக்கிப் பார்ப்பது, கேட்காவிட்டால் மாற்றுவது. மூடியை அலட்சியமாகத் தூக்கி எறிகிற பழக்கம் இரண்டு நாட்டிலும் உண்டு. மூடி இல்லாத வால்வில் மண் ஏறும். பனிக்காலத்தில் ஈரம் ஏறி உறைந்து, பின் முழுதாக மூடாமல் நின்றுவிடும்.

காற்று பார்க்கவேண்டிய நேரம் வண்டி அசைவதற்கு முன். ஓடி வந்த வண்டி என்றால் குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு. முகாமில் காற்று பிடிக்கும் வசதி இருக்காது. லாரிகள் நிற்கும் பெரிய பங்க்குக்குத்தான் போக வேண்டும். போகிற வழியில் டயர் சூடாகி அளவு ஏறிவிடும். அதற்கு ஒரு சுலபக் கணக்கு வைத்திருக்கிறார்கள். காலையில் குளிர்ந்த நிலையில் 82 காட்டியது, வேண்டியது 90 என்றால், குறை எட்டு என்று ஒரு சீட்டில் எழுதிக்கொள்வார்கள். பங்க்கில் அது 88 காட்டினாலும் இரண்டு பவுண்டு போதும் என்று நிறுத்தக்கூடாது. 88-க்கு மேல் எட்டு, ஆக 96 பிடிக்க வேண்டும். அங்கேயே எடைமேடையும் இருக்கும். முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாக எடை போட்டு, டயர் கம்பெனி தரும் அட்டவணையில் அந்த எடைக்கு எத்தனை பவுண்டு என்று பார்த்துக்கொள்ளலாம். டயரின் மேல் அச்சடித்த எண்ணை அப்படியே பிடிப்பவர்களும் உண்டு. அந்த எண், டயரின் அதிகபட்சச் சுமைக்கு உரியது. குறைந்த சுமைக்கு அதைப் பிடித்தால் வண்டி குதிக்கும், நடுப்பட்டை தேயும். அந்தத் தவறு உயிரை வாங்காது. குறைவாகப் பிடிப்பதுதான் வாங்கும்.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. டிராக்டர் டிரெய்லரும் டிப்பரும் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டியது. காற்று வெகுவாக இறங்கிய நிலையில் ஓடிவிட்ட கனரக டயருக்கு, நின்ற இடத்திலேயே திரும்பக் காற்று அடிக்கக்கூடாது. பக்கச் சுவரின் கம்பி இழைகள் உள்ளுக்குள் முறிந்திருக்கலாம். காற்று ஏறும்போது ஜிப் பிரிவதுபோல் சுவர் ஒரே இழுப்பில் பிளந்து வெடிக்கும். பக்கத்தில் குந்தியிருப்பவர் பிழைப்பது அரிது. டயரைக் கழற்றி, உள்ளே வெளியே பரிசோதித்து, இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் அடிப்பார்கள். அப்போதும் வால்வில் கவ்விக்கொள்ளும் வாயும் நீண்ட ஹோஸும் போட்டு, டயரின் பக்கச் சுவருக்கு நேரே நிற்காமல் விலகி நிற்பார்கள்.

முகாமிலிருந்து கிளம்பிய வண்டிகளில் பல, அரிசோனா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள குவார்ட்ஸைட் என்ற சிற்றூரில் போய் நிற்கும். நிரந்தரக் குடிகள் இரண்டரை ஆயிரம்கூட இல்லாத ஊர். குளிர்காலத்தில் சுற்றியுள்ள கல்லாங்குத்துப் பாலைவனம் முழுக்கச் சக்கர வீடுகளாக மாறிவிடும். அரசாங்க நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை சொற்பக் கட்டணத்துக்குத் தங்கலாம். ஊரின் சுடுகாட்டில் கூம்பாகக் கல் அடுக்கி, உச்சியில் ஒட்டகச் சிலை வைத்த ஒரு கல்லறை இருக்கிறது. 1850-களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சுமை இழுக்க ஒட்டகம் இறக்குமதி செய்து பார்த்தது. அதை மேய்க்க வந்த ஹாஜி அலி 1902-ல் இங்கே இறந்தார். பெயர் வாயில் நுழையாமல் ஊரார் அவரை 'ஹை ஜாலி' ஆக்கிவிட்டார்கள்.

வடக்கே காற்று குறைந்ததைப்போல இங்கே கூடும். மைனஸ் ஐந்தில் 90 பிடித்த டயர், பத்து டிகிரி பாலைவனக் காலையில் 96 காட்டும். அந்தக் குளிர்ந்த காலை அளவைப் பார்த்து இறக்கிக்கொள்ளலாம். நடுப்பகலில் ஓடி வந்து நின்றதும் 110 காட்டுகிறதே என்று பயந்து இறக்குவதுதான் பிசகு. மறுநாள் காலையில் அது குறைந்து கிடக்கும். நிற்கிற வண்டியில்கூட, வெயில் படுகிற பக்கத்து டயர் நிழல் பக்கத்து டயரைவிடச் சில பவுண்டு கூடக் காட்டும். அதைப் பார்த்து ஒரு பக்கம் மட்டும் காற்றை இறக்கியவர்களும் உண்டு.

இங்கே டயருக்கு எதிரி வெயிலும் சும்மா நிற்பதும். ஓடுகிற டயரில் ரப்பருக்குள் கலந்த மெழுகு மேலே வந்து வெடிப்பைத் தடுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் டயரில் அது வராது. அதனால் மோட்டார் ஹோம் டயர்கள் தேய்ந்து சாவதில்லை, கிழடாகிச் சாகின்றன. பூ புதிதாகவே இருக்கும், பக்கச் சுவர் வெடித்திருக்கும். சீசன் முடிந்து மரத்தடியில் எட்டு மாதம் நிற்கிற கரும்பு டிரெய்லரின் கதையும் இதுதான். வயதைத் தெரிந்துகொள்ள, பக்கச் சுவரில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். 3521 என்றிருந்தால் 2021-ம் வருஷத்தின் 35-வது வாரத்தில் செய்தது. ஆறேழு வருஷம் ஆன டயரை நம்பிப் பத்து டன் வீட்டை ஓட்டுவது சரியில்லை. ஆனால் ஆறு டயரையும் ஒருசேர மாற்றினால் ஒரு பீட் அறுவடையின் கூலி கரைந்துவிடும். அதனால் இந்த வருஷம் முன் இரண்டு, அடுத்த அறுவடைக்குப் பின் ஒரு ஜோடி என்று தள்ளிப் போடுகிறவர்கள் ஏராளம். முன் டயர்தான் முதலில். அது வெடித்தால் ஸ்டியரிங் கையை மீறி இழுக்கும். அந்த நிமிஷம் பிரேக்கில் கால் வைக்காமல், வண்டியை நேராகப் பிடித்து, மெல்ல வேகம் குறையவிட வேண்டும் என்று பயிற்சி கொடுக்கிறவர்கள் சொல்கிறார்கள்.

ஏப்ரல் நெருங்கும்போது பாலைவனம் சுட ஆரம்பிக்கும். டயர்களுக்குப் போர்த்தியிருந்த வெள்ளை உறைகள் ஒவ்வொரு வண்டியிலும் கழன்று மடிக்கப்படும். வெயில் ஏறுவதற்குள் முழங்காலிட்டு, டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு, வெளிச் சக்கரத்தின் ஓட்டைக்குள் அந்த நீளக் கம்பியை விட்டு உள் வால்வைத் தேடுகிறவர்கள் அங்கங்கே தெரிவார்கள். வடக்கே அதே நேரத்தில், பனி உருகி ஈரம் காய்ந்ததும், புது பீட் விதைப்பு தொடங்கியிருக்கும்.